எல்லாமே பெல்ஜியமா? கொஞ்சம் எரிய வச்சுக் காட்டுங்க!

பழைய கண்ணாடி விளக்கு விக்கிற கடைக்குள்ள நுழைஞ்சு எதைத் தொட்டாலும் ஒரே பதில்தான்.

"பெல்ஜியம் மேடம்."

சிவப்பு குளோப்பா? பெல்ஜியம். பால் வெள்ளை டோமா? பெல்ஜியம். தொங்கட்டான் தொங்குற சாண்ட்லியரா? அது 'ஒரிஜினல்' பெல்ஜியம். வயசு கேட்டா எல்லாத்துக்கும் நூறு வருஷம்.

போன வாரம் ஒரு கடையில (ஊரும் பேரும் வேண்டாம்) பச்சை ஹேங்கிங் லைட் ஒண்ணை எடுத்துக் காட்டி இதே பாட்டுதான். புது ஹோல்டர், புது வயர். சரி, அதெல்லாம் மாத்தித்தான் ஆகணும், தப்பில்ல. "ஒரு பல்ப் போட்டு எரிய வச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டேன்.

"வீட்டுக்குப் போய் மாட்டிப் பாருங்க மேடம், சூப்பரா இருக்கும்."

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. புடவையையே கடை வாசல் வெயில்ல விரிச்சுப் பார்க்காம எடுக்க மாட்டோம். விளக்கை எரியாம பார்த்து வாங்கணுமா? அணைஞ்சிருக்கிற விளக்கு ஒரு கண்ணாடிச் சாமான், அவ்வளவுதான். அது நல்ல விளக்கான்னு எரியும்போதுதான் தெரியும். எந்த நாடு, எந்த வருஷம்ங்கிற கதையெல்லாம் அதுக்கு அப்புறம்.

இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போறது அது ஒண்ணுதான். ஆனா நிறைய சொல்லுவேன். காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல அந்த பெல்ஜியம் கதையை முடிச்சிடலாம். அந்தப் பேர் சும்மா வந்ததில்ல. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டினவங்க பர்மாவுல இருந்து தேக்கு, இத்தாலியில இருந்து சலவைக்கல், பெல்ஜியத்துல இருந்து கண்ணாடின்னு கப்பல்ல இறக்கினவங்க. லியேஜ் நகரத்துக்குப் பக்கத்துல வால் சான் லாம்பேர்ங்கிற கண்ணாடித் தொழிற்சாலை 1826ல ஆரம்பிச்சது. அந்த நாட்டுக் கண்ணாடிக்கு இருந்த மரியாதை நிஜம்.

ஆனா கப்பல் ஏறி வந்தது அது மட்டும் இல்லையே! போஹிமியா (இப்போ செக் குடியரசு) பக்கம் 18ஆம் நூற்றாண்டுல இருந்தே சாண்ட்லியர் செஞ்சு உலகம் பூரா அனுப்பினாங்க. இங்கிலாந்துல பர்மிங்காம்ல 1807ல ஆரம்பிச்ச ஆஸ்லர் கம்பெனி, 1840கள்லயே கல்கத்தாவுல கடை போட்டுடுச்சு. 1851ல லண்டன் பெரிய கண்காட்சி நடந்தப்போ நட்ட நடுவுல 27 அடி உயரத்துக்கு, சுமார் நாலு டன் கண்ணாடியில ஒரு நீரூற்று வச்சாங்களே, அதைச் செஞ்சதும் இவங்கதான். நம்ம ஊர் ராஜாக்கள், ஜமீன்தார்கள் வீட்டுக் கூடத்துல தொங்கினதுல நிறைய இவங்க கைவேலை.

அப்புறம் நம்ம ஃபிரோசாபாத். உத்தரப்பிரதேசத்துல, ஆக்ராவுக்குப் பக்கத்துல. கண்ணாடி வளையலுக்குப் பேர்போன ஊர். சாண்ட்லியர் பாகங்கள், கலர் குளோப் எல்லாம் இன்னைக்கும் அங்க செய்றாங்க. அதுல அழகானது எவ்வளவோ இருக்கு. அது ஃபிரோசாபாத்துன்னு சொல்லி, அந்த விலைக்கே கொடுத்தா நான் சந்தோஷமா வாங்குவேன். ஊதிச் செஞ்ச ஆளோட உழைப்பை மறைச்சு வேற நாட்டு முத்திரை குத்தி விக்கிறதுதான் எனக்குப் பிடிக்கல.

சரி, விஷயத்துக்கு வருவோம். எரிய வச்சா என்ன பார்க்கணும்?

அது கண்ணாடியைப் பொறுத்தது.

தொங்கட்டான் போட்ட சாண்ட்லியர்னா அங்க வேலை செய்றது ஈயம். 1670கள்ல ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட்ங்கிற இங்கிலாந்துக்காரர் கண்ணாடிக் கலவையில ஈய ஆக்ஸைடு சேர்த்துப் பார்த்து, 1674ல காப்புரிமை வாங்கினார். அந்தக் கண்ணாடி கனமா இருக்கும், பட்டை தீட்ட வசதியா இருக்கும். வெளிச்சத்தைச் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகமா வளைச்சு, நிறம் நிறமாப் பிரிச்சு விடும். சுவத்துல சின்னச் சின்ன வானவில் விழுதே, அது இந்தப் பிரிப்பாலதான்.

ஒரு தொங்கட்டானைக் கழட்டிக் கையில வாங்குங்க. அதே அளவு சாதாரணக் கண்ணாடியைவிடக் கனம் தெரியும். பட்டையோட விளிம்பை விரல் நுனியால தடவிப் பாருங்க. கையால தீட்டினதுன்னா விளிம்பு கூர்மையா நிக்கும், பட்டைக்குப் பட்டை அளவு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். அச்சுல வார்த்ததுன்னா விளிம்பு மழுங்கி இருக்கும். பக்கவாட்டுல மெல்லிசா ஒரு கோடு ஓடினா அது அச்சு ரெண்டும் சேர்ந்த இடம். மெழுகுவர்த்தி வைக்கிற கப்பு இருந்தா (அனுமதி கேட்டுட்டு) நகத்தால மெதுவா ஒரு தட்டு தட்டுங்க. ஈயக் கண்ணாடி 'ணிங்'னு நீளமா ஒலிக்கும்.

ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. வெனிஸ் பக்கத்துல முரானோ தீவுல செய்ற விளக்குகள், அந்தப் பூவும் இலையுமா வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அது சோடாக் கண்ணாடி. அப்படி ஒலிக்காது, வானவில்லும் பெருசா காட்டாது. அதுக்காக அது மட்டமா? அதோட அழகு ஊதி வளைச்ச உருவத்துல இருக்கு. இங்கிலாந்துக்காரங்க வானவில்லைப் பிடிச்சாங்க, முரானோக்காரங்க கொடியைப் பிடிச்சாங்க. எனக்கு ரெண்டும் வேணும். (வீட்ல இடம் இல்ல.)

இப்போ எனக்கு உயிரான விஷயம். பால் கண்ணாடி.

கடைகள்ல 'மில்க் ஒயிட்'னு சொல்வாங்க. பழைய ஆபீஸ், பள்ளிக்கூடம், பங்களா வராண்டான்னு எல்லா இடத்துலயும் தொங்கிக்கிட்டிருந்ததால இதுக்கு யாரும் மரியாதை தர்றதில்ல. சாண்ட்லியரைத் தேடி வர்றவங்க கண்ணுல இது படவே படாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு கடையில, மரத்தூண்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் பின்னாடி, தூசி படிஞ்சு ஒரு டோம் கிடந்துச்சு. கவிழ்த்த பூ மாதிரி, விளிம்பு நெளிநெளியா. கடைக்காரர் வயசானவர். நான் கேக்குறதுக்கு முன்னாடியே, "இருங்கம்மா, சும்மா பார்த்தா ஒண்ணும் தெரியாது"ன்னு ஒரு வயரும் பல்புமா எடுத்துட்டு வந்து, டோமைக் கையில தூக்கிப் பிடிச்சு சுவிட்சைப் போட்டார்.

பல்ப் இருக்கிற இடம்னு தனியா ஒண்ணு தெரியவே இல்ல. மொத்த டோமும் ஒரே சீரா வெளுத்து எரியுது. கீழ, அந்த நெளிவு விளிம்பு மெல்லிசாகிற இடத்துல மட்டும் தணல் மாதிரி ஒரு ஆரஞ்சு. அது பெயிண்ட் இல்ல, கலர் கண்ணாடியும் இல்ல. அந்தக் கண்ணாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுல நுண்துகள்கள் கலந்திருக்கும். அது நீல ஒளியைச் சிதறடிச்சிட்டு, சிவப்பையும் ஆரஞ்சையும் நேரா வெளிய விடும். சாயங்கால வானம் சிவக்கிறதும் இதே கணக்குல வர்றதுதான். பகல்ல பார்த்தா அதே விளிம்பு லேசா நீலம் ஓடின வெள்ளையா இருக்கு!

"இதுவும் பெல்ஜியமா ஐயா?"ன்னு கேட்டேன்.

"எந்த ஊரோ தெரியாதும்மா. ஒரு வீட்டு வராண்டாவுல இருந்து கழட்டுனது. நல்லா எரியுது, பாருங்க."

இப்படி ஒரு வியாபாரிகிட்ட பேரம் பேச மனசு வருமா? (பேசினேன். கொஞ்சமா.)

இன்னொரு வகை இருக்கு. டோம் முழுக்க வரிவரியா பட்டை போட்டு, தெளிவான கண்ணாடியில இருக்கும். 'ஹோலோஃபேன்'னு கழுத்துப் பக்கம் அச்சுல பொறிச்சிருந்தா விடாதீங்க. 1890கள்ல பிரான்ஸ்காரர் ஆந்த்ரே புளோண்டெல்லும் கிரேக்கர் ஸ்பிரிடான் சரூடாக்கியும் சேர்ந்து கண்டுபிடிச்ச அமைப்பு. உள்பக்கம் செங்குத்தா வரிகள், அது வெளிச்சத்தைப் பக்கவாட்டுல பரப்பும். வெளிப்பக்கம் படுக்கையா வரிகள், அது வெளிச்சத்தைத் திருப்பி எங்க வேணுமோ அங்க அனுப்பும். அதாவது அந்த வரி ஒவ்வொண்ணும் கணக்குப் போட்டு வச்சது. படிக்கிற மேஜை, சமையல் மேடை, தையல் மெஷின், இதுக்கு மேல தொங்கவிட இதை அடிச்சுக்க ஆள் இல்ல. விலையும் சாண்ட்லியர் பக்கம் போகாது.

கலர் குளோப்? இதுல கவனம் வேணும். சிவப்பும் நீலமும் பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல மயக்கும். ராத்திரி எரிய வச்சா, அந்தக் கண்ணாடி தன் நிறத்தைத் தவிர மத்ததையெல்லாம் முழுங்கிடும். முற்றத்துக்கு, மாடிப்படி திருப்பத்துக்கு, பூஜை அறை வாசலுக்கு அது அருமை. அதுக்குக் கீழ உட்கார்ந்து சாப்பிடணும்னா சாம்பாரோட நிறமே மாறிடும். மூணு சங்கிலியில தொங்குற மணி வடிவ ஹண்டி விளக்கெல்லாம் முதல்ல எண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் செஞ்சது. மேல சின்னதா ஒரு கண்ணாடிக் குடை இருக்கும். புகை மேல போய் கூரையைக் கறுப்பாக்காம இருக்கத்தான் அது. இப்போ புகை இல்லேன்னு அதை எடுத்துடாதீங்க. அது இருந்தாத்தான் செட்டு முழுசு, விலையும் நிக்கும்.

மஞ்சள் பச்சையில ஒரு சாமான் கண்ணுல பட்டா, புறஊதா டார்ச் ஒண்ணு பையில வச்சிருங்க. ரூபா நோட்டு பார்க்கிற டார்ச் போதும். அடிச்சதும் பளீர்னு கிளிப்பச்சையில ஒளிர்ந்தா அதுல யுரேனியம் கலந்திருக்குன்னு அர்த்தம். ஆமா, அதே யுரேனியம்தான்! 1830கள்ல போஹிமியாவுல ரீடல் குடும்பத்துக்காரங்க இந்தக் கண்ணாடியைச் செஞ்சு, தங்க வீட்டுப் பெண் அன்னா பேரையே அந்த நிறங்களுக்கு வச்சாங்க. கலந்திருக்கிற அளவு குறைவுதான். விளக்கா தொங்கவிட பயப்பட வேண்டாம்.

இனி பல்ப். பாதிப் பேர் இங்கதான் நல்ல விளக்கைக் கொன்னுடுறாங்க.

வீட்ல ஒரு பட்டை தீட்டின ஹேங்கிங் லைட்டுல ஒவ்வொரு பல்பா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். முதல்ல நாம எல்லாரும் வாங்குற வெள்ளை மூடி போட்ட எல்.ஈ.டி. வெளிச்சம் தாராளம், ஆனா ஒரு மினுக்கம் கூட இல்ல. கண்ணாடி செத்துக் கிடந்துச்சு. அதே விளக்குல தெளிவான கண்ணாடி பல்ப், உள்ள இழை தெரியுற ஃபிலமென்ட் எல்.ஈ.டி போட்டதும் ஒவ்வொரு பட்டையும் உயிர் வந்து மின்னுச்சு. காரணம் சுலபம். மினுக்கம் வரணும்னா வெளிச்சம் சின்னப் புள்ளியில இருந்தோ மெல்லிய கோட்டுல இருந்தோ வரணும். பெரிய வெள்ளை உருண்டையில இருந்து வந்தா எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி வெளுத்துடும். அதனால தொங்கட்டானுக்குத் தெளிவான பல்ப். பால் கண்ணாடிக்கு அந்தக் கவலையே இல்ல, வெள்ளை மூடி பல்பே போதும்.

நிறம் 2700 கெல்வின். டப்பாவுல எழுதியிருக்கும், 'வார்ம் ஒயிட்'னு. 6500 கெல்வின் டியூப்லைட் வெள்ளையைப் போட்டா அந்த ஆரஞ்சு விளிம்பு போயே போச்சு. சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு சரியாக் காட்டுதுங்கிற அளவு) 90க்கு மேல கிடைச்சா இன்னும் நல்லது, முக்கியமா சிவப்புக் குளோப்புக்கு. மட்டமான எல்.ஈ.டி வெளிச்சத்துல சிவப்பே குறைச்சலா இருக்கும். இல்லாத சிவப்பைக் கண்ணாடி எங்கிருந்து வெளிய விடும்? முழுக்க மூடின குளோப்புன்னா குறைஞ்ச வாட்ஸ் போடுங்க. உள்ள சூடு தங்கினா எல்.ஈ.டி சீக்கிரம் போயிடும்.

அடுத்து, நம்ம ஊர்ல யாரும் பேசாத பிரச்சினை.

ஃபேன்!

வெளிநாட்டுப் புத்தகங்கள்ல ஒரு கணக்கு இருக்கும். ரூமோட நீளம் அகலம் ரெண்டையும் அடியில கூட்டுங்க, வர்ற எண்ணை அங்குலமா எடுத்துக்கிட்டா அதுதான் சாண்ட்லியரோட அகலம். 12க்கு 14 ரூம்னா 26 அங்குலம். நல்ல கணக்குதான். ஆனா அந்த ரூம் நடுவுல நமக்கு ஃபேன் சுத்துது. ஏப்ரல் மே மாசத்துல ஃபேனைக் கழட்டிட்டு சாண்ட்லியர் மாட்டச் சொல்ற டிசைனர் யாரா இருந்தாலும் அவர் நம்ம வீட்ல ஒரு மத்தியானம் இருந்து பார்க்கணும்.

ஃபேனுக்குப் பக்கத்துலயே மாட்டலாமான்னா, அது இன்னும் மோசம். இறக்கைக்கு மேல விளக்கு இருந்தா நிழல் சுவத்துல வெட்டி வெட்டி ஓடும், தலைவலி வந்துடும். இறக்கைக்குக் கீழ இறங்கினா காத்துல ஆடும். பழைய கொக்கிகள் ஆடி ஆடித் தேயும், ஒரு நாள் தொங்கட்டான் கீழ.

அப்போ எங்கதான் மாட்டுறது? மாடிப்படி கூடம். அங்க ஃபேன் வராது, உயரம் தாராளமா இருக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மட்டத்துல இருந்தும் பார்க்கலாம். சாண்ட்லியருக்கு நம்ம வீடுகள்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. வாசல் நடை அடுத்தது. சாப்பாட்டு மேஜைக்கு மேல ஹேங்கிங் லைட்னா மேஜையில இருந்து 30, 36 அங்குலம் உயரத்துல விளக்கோட அடி இருக்கணும். அதுக்கு மேல தூக்கினா கண்ணு கூசும், கீழ இறக்கினா எதிர்ல இருக்கிறவங்க முகம் மறையும். நடமாடுற இடம்னா தரையில இருந்து ஏழடியாவது விடுங்க. ஃப்ளாட்டோட பத்தடி சீலிங்ல பெரிய சாண்ட்லியர் வேண்டவே வேண்டாம். அங்க பால் கண்ணாடி டோம் ஒண்ணு, குட்டிச் சங்கிலியில. போதும்.

ஹூக் விஷயத்துல தயவு பண்ணி சமாதானம் ஆகாதீங்க. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில (1874ல கட்டினது) ரெண்டு ராட்சத சாண்ட்லியர் இருக்கு. அதை மாட்டுறதுக்கு முன்னாடி கூரை தாங்குமான்னு யானைகளை மேல ஏத்திப் பார்த்தாங்கன்னு இன்னைக்கும் சொல்றாங்க. நமக்கு யானை வேண்டாம். ஸ்லாப் போடும்போதே கம்பியோட சேர்த்துக் கட்டின ஹூக்கா, அப்புறம் துளை போட்டு அடிச்சதான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. ஃபால்ஸ் சீலிங் பலகையில கண்ணாடி விளக்கைத் தொங்கவிடவே கூடாது. மேல கான்கிரீட்டுக்குப் போய்த்தான் பிடிக்கணும்.

எங்க எலக்ட்ரீஷியன் அண்ணா ஒரு பழைய விளக்கைப் பார்த்ததும் முதல்ல செஞ்ச வேலை, வயரை ரெண்டு விரலால மடக்கிப் பார்த்தது. நூல் சுத்தின ரப்பர் வயர் அப்படியே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. "அக்கா, இதோட கரெண்ட் கொடுத்தா பித்தளை பூரா ஷாக் அடிக்கும்"னார். முழுக்கப் புது வயர், எர்த்தும் சேர்த்து. இதுல 'அந்தக் கால ஒரிஜினல்'ங்கிற பேச்சுக்கே இடமில்ல. மெழுகுவர்த்திக் காலத்து சாண்ட்லியர்ல கண்ணாடிக் கைகள் உள்ள ஓட்டை இல்லாம கெட்டியா இருக்கும், வயர் வெளியிலதான் சுத்தி வரணும். பொன்னிற வயர் கிடைக்குது, அவ்வளவா தெரியாது.

டோமைப் பிடிக்கிற பித்தளைக் கப்புல மூணு திருகு இருக்கும். அதை இறுக்காதீங்க! கண்ணாடியைத் தொட்டதும் கொஞ்சம் தளர்த்தி விடணும். சூட்டுல பித்தளையும் கண்ணாடியும் ஒரே அளவா விரியாது. இறுக்கினா ஒரு நாள் ராத்திரி 'டக்'. டோம் வாங்கும்போதே கழுத்தோட விட்டத்தை அளந்துடுங்க. இரண்டேகால் அங்குலம், மூணேகால், நாலுன்னு பல அளவு இருக்கு. கப்புக்குக் கழுத்து சேரலேன்னா அலையணும்.

அப்புறம் ஈசல். மழைக்காலம் தெரியும்ல? கிண்ணம் மாதிரி மேல் பார்த்துத் திறந்திருக்கிற விளக்குன்னா அத்தனை ஈசலும் அதுக்குள்ளதான். கீழே இருந்து பார்த்தா கறுப்புக் கறுப்பா திட்டு. மாசத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறுவேன்னு சொல்றவங்க மட்டும் கிண்ண வடிவம் வாங்குங்க. மத்தவங்களுக்கு கவிழ்ந்த டோம்.

துடைக்கிறது போகிக்கு ஒரு தடவை போதும். மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, கீழ ஒரு தடிமனான மெத்தையை விரிச்சிட்டு, வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு. சாண்ட்லியரைச் சுத்திச் சுத்தித் துடைக்காதீங்க, நீங்க நகருங்க. சுத்தினா மேல மரை கழண்டுடும்.

பேரம் பேசுறதுக்கு முன்னாடி, விளிம்பு முழுக்கக் கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டுங்க. கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். கழுத்துல கப்புக்குள்ள மறையுற இடத்துல சில்லு இருந்தா வாங்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்க. ஆனா கழுத்துல இருந்து கீழ்நோக்கிக் கீறல் ஓடினா எவ்வளவு அழகா இருந்தாலும் வச்சிட்டு வந்துடுங்க. தலைக்கு மேல தொங்கப்போற சாமான். தொங்கட்டான் ஒண்ணு ரெண்டு குறைஞ்சா பரவாயில்ல, தேடினா ஜோடி கிடைக்கும். கண்ணாடிக் கை உடைஞ்சிருந்தா அதே வளைவுல இன்னொண்ணு கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

சாண்ட்லியரை வீட்டுக்குக் கொண்டு வரணும்னா பிரிச்சுத்தான் கொண்டு வரணும். பிரிக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க, வீடியோவும் எடுங்க. கைக்கு ஒரு நம்பர், அது உட்கார்ற ஓட்டைக்கும் அதே நம்பர், பேப்பர் டேப்புல எழுதி ஒட்டிடுங்க. கைகள் எல்லாம் ஒண்ணுபோலத் தெரியும், ஆனா கைவேலைங்கிறதால இடம் மாத்திச் சொருகினா சரியா உட்காராது. தொங்கட்டானைத் தனித்தனியா துணியில சுத்துங்க. கொக்கிப் பின் பித்தளையிலயே வாங்குங்க. கடலோர ஊர்ல இருக்கிறவங்க இரும்புப் பின் போட்டா உப்புக் காத்துல துரு பிடிச்சு விழும். வாங்கும்போது பத்து இருபது பின் சேர்த்தே வாங்கி வைங்க. அடுத்த போகிக்குத் தேவைப்படும்.